விளையாட்டு வெளிவரும் முன்பே வெடிக்கும் 'முக'ச் சர்ச்சை: 'லைஃப் சிமுலேஷன்' ரசிகர்கள் முதல் படத்தில் தேடுவது என்ன?

புதுடெல்லி: உருவாக்கத்தில் இருக்கும் ஒரு 'லைஃப் சிமுலேஷன்' விளையாட்டின் கதாபாத்திரப் படம் முதன்முறையாக வெளியாகும் போதெல்லாம், விளையாட்டு விற்பனைக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ரசிகர்களிடையே கடும் விவாதம் மூள்கிறது. கண்கள் உயிரற்று இருக்கின்றன, தலைமுடி களிமண் போல இருக்கிறது, எல்லா முகமும் ஒன்றுபோல இருக்கிறது என்பன போன்ற விமர்சனங்கள் சமூக வலைதளங்களில் குவிகின்றன. அதே படத்தை, இத்தனை ஆண்டுகளில் கண்ட மிகச் சிறந்த படைப்பு என்று மற்றொரு தரப்பினர் கொண்டாடுகின்றனர்.

'தி சிம்ஸ் 4', 'இன்சோய்', 'லைஃப் பை யூ', 'பாராலைவ்ஸ்', 'புராஜெக்ட் ரெனே' என அண்மைக் காலத்தில் அறிவிக்கப்பட்ட இவ்வகை விளையாட்டுகள் அனைத்தும் இந்தச் சோதனையைக் கடக்க வேண்டியிருந்தது. வெறும் ஒரு படத்திற்கு ஏன் இவ்வளவு எதிர்வினை? அந்த எதிர்வினையால் உண்மையில் ஏதேனும் மாறுகிறதா? விரிவாகக் காண்போம்.

'லைஃப் சிமுலேஷன்' விளையாட்டு என்றால் என்ன?

போர், பந்தயம், துப்பறிதல் போன்ற வழக்கமான வீடியோ கேம்களில் வெற்றி, தோல்வி என்ற இலக்கு இருக்கும். 'லைஃப் சிமுலேஷன்' வகையில் அத்தகைய இலக்கு எதுவும் கிடையாது. விளையாடுபவர் ஒரு மனிதரை உருவாக்கி, அவருக்கு வீடு கட்டி, வேலை தேடித் தந்து, உறவுகளை அமைத்து, அவரது அன்றாட வாழ்க்கையை நடத்திச் செல்வதே விளையாட்டு.

இவ்வகையைப் பரவலாக்கியது, மேக்சிஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட 'தி சிம்ஸ்' ஆகும். அதன் வடிவமைப்பாளர் வில் ரைட்டின் வீடு, 1991-இல் அமெரிக்காவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் ஏற்பட்ட பெருந்தீயில் அழிந்தது. வாழ்க்கையை மீண்டும் கட்டியெழுப்பிய அந்த அனுபவம், இந்த விளையாட்டு உருவாவதற்கான தூண்டுதல்களில் ஒன்றாகக் கூறப்படுகிறது. இரண்டாம் பாகம் 2004-இலும், மூன்றாம் பாகம் 2009-இலும், நான்காம் பாகம் 2014-இலும் வெளியாயின. நான்காம் பாகத்தை 7 கோடிக்கும் அதிகமானோர் விளையாடியுள்ளதாக அதன் வெளியீட்டாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2023-இல் தெரிவித்தது.

இவ்வகை விளையாட்டில் கதாபாத்திரம் என்பவர் கதாசிரியர் படைத்துத் தரும் நாயகர் அல்லர். பெரும்பாலும் விளையாடுபவரே அவர். தம்மையோ, தம் குடும்பத்தாரையோ, தாம் வாழ விரும்பும் வாழ்க்கையையோ திரையில் காண்பதற்காகவே பலர் இதனை விளையாடுகின்றனர். ஆகவே, முதல் படத்தைக் காணும் ரசிகரின் மனத்தில் எழும் முதற்கேள்வி, "இதில் நான் இருக்க முடியுமா?" என்பதாகும்.

நிஜத்தைப் போன்ற முகமா, கார்ட்டூன் முகமா?

விவாதத்தின் முதல் முனை ஓவியப் பாணி பற்றியது. இதில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கோட்பாடுகள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன.

முதலாவது, ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இல் முன்வைத்தது. செயற்கை உருவம் ஒன்று மனிதரை ஒத்திருக்க ஒத்திருக்க அதன் மீதான ஈர்ப்பும் வளரும். ஆனால், ஏறக்குறைய மனிதரைப் போலவே ஆகிவிட்ட ஒரு கட்டத்தில், எஞ்சியிருக்கும் சிறு குறையே பார்ப்பவருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தும் என்பது அவரது கருத்து. 'அன்கேனி வேலி' என்று அழைக்கப்படும் இந்நிலையைத்தான், உயிரற்ற கண்கள், பிணத்தின் புன்னகை என்றெல்லாம் ரசிகர்கள் தங்கள் மொழியில் குறிப்பிடுகின்றனர்.

இரண்டாவது, அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் எழுதிய நூலில் விளக்கியது. விவரங்கள் நிறைந்த முகம் வேறொருவரின் முகமாகத் தோன்றும். எளிமையாக்கப்பட்ட முகத்திலோ யாரும் தம்மைப் பொருத்திக் காண முடியும் என்பது அவரது வாதம். சிம்ஸ் கதாபாத்திரங்கள் பேசும் 'சிம்லிஷ்' என்ற பொருளற்ற மொழியும் இதே அடிப்படையில் செயல்படுகிறது. சொற்களுக்குப் பொருள் இல்லாததால், அந்த உரையாடலுக்கான பொருளை விளையாடுபவரே கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார்.

நடைமுறையில் இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை காண்பது எளிதாக இருந்ததில்லை. மூன்றாம் பாகத்தின் உப்பிய, மென்மையான முகங்களை ரசிகர்கள் 'புட்டிங் முகம்' என்று கேலி செய்தனர். 2013 ஆகஸ்டில் ஜெர்மனியின் கோலோன் நகரில் நடைபெற்ற கேம்ஸ்காம் கண்காட்சியில் நான்காம் பாகத்தின் கதாபாத்திரங்கள் காட்டப்பட்டபோது, அவை மிகையான கார்ட்டூன் தன்மையுடன் இருப்பதாகவும், தலைமுடி களிமண்ணால் செய்ததுபோல் இருப்பதாகவும் ஒரு சாரார் குறைகூறினர். எனினும், சாதாரண மடிக்கணினிகளிலும் இயங்கவும், பத்தாண்டுகள் கடந்தும் பழமை தட்டாமல் நிலைக்கவும் அந்த எளிய பாணியே உதவியது என்று இன்று பலர் கருதுகின்றனர்.

அழகாக இருந்தால் போதுமா? 'இன்சோய்' தரும் பாடம்

இதற்கு நேர்மாறான பாதையைத் தென்கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் தேர்ந்தெடுத்தது. 'அன்ரியல் எஞ்சின் 5' தொழில்நுட்பத்தில் உருவான 'இன்சோய்', 2023 நவம்பரில் பூசான் நகரில் நடைபெற்ற ஜி-ஸ்டார் கண்காட்சியில் காட்டப்பட்டது. தோலின் நுண்மை, துணியின் மடிப்பு, முகத்தில் விழும் ஒளி ஆகியவற்றில் அது நிஜ வாழ்க்கைக்கு மிக நெருக்கமாக இருந்தது. 2024 ஆகஸ்டில் கதாபாத்திரங்களை உருவாக்கும் பகுதி மட்டும் சில நாட்களுக்கு இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. ரசிகர்கள் தாங்கள் உருவாக்கிய முகங்களை வலைதளங்களில் போட்டிபோட்டுப் பகிர்ந்தனர்.

பாராட்டுகளோடு விமர்சனங்களும் வந்தன. முகங்கள் அனைத்தும் கொரியத் தொலைக்காட்சித் தொடர்களின் நட்சத்திரங்களைப் போல இளமையாகவும் ஒல்லியாகவும் உள்ளன. முதியவர்களும் பருமனானவர்களும் சாதாரணத் தோற்றம் கொண்டவர்களும் எங்கே என்று சிலர் கேள்வி எழுப்பினர். ஆடை வடிவங்கள் போன்றவற்றைச் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் உருவாக்கும் வசதியும் கலைஞர்கள் தரப்பில் எதிர்ப்பைச் சந்தித்தது.

2025 மார்ச் 28-ஆம் தேதி, முழுமையடையாத நிலையிலேயே விற்பனைக்கு விடும் 'ஏர்லி ஆக்சஸ்' முறையில் 39.99 டாலர் விலைக்கு 'இன்சோய்' வெளியானது. ஒரே வாரத்தில் 10 லட்சம் பிரதிகள் விற்பனையாயின. ஆனால், தோற்றத்தைப் புகழ்ந்த விமர்சகர்களில் பலர், கதாபாத்திரங்களுக்கு இடையிலான உறவுகளில் ஆழம் இல்லை என்று குறிப்பிட்டனர். முதல் படம் ஒரு விளையாட்டின் தோற்றத்தைச் சொல்லும். அதன் உயிரோட்டத்தைச் சொல்லாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாக அமைந்தது.

தோல் நிறம்: ஆறு ஆண்டுகள் நீடித்த கோரிக்கை

ரசிகர்களின் எதிர்வினையைப் பொழுதுபோக்குச் சண்டையாக மட்டும் கருத முடியாது என்பதற்கு வலுவான சான்று, 'தி சிம்ஸ் 4' விளையாட்டின் தோல் நிறம் தொடர்பான வரலாறு ஆகும்.

2014-இல் விளையாட்டு வெளியானபோது, கருமையான தோல் நிறங்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தன. இருந்தவையும் சாம்பல் பூத்ததுபோல் இயல்புக்கு மாறாகத் தோன்றுவதாகக் கறுப்பின ரசிகர்கள் சுட்டிக்காட்டினர். நிறுவனத்தின் நடவடிக்கைக்காகக் காத்திராமல், அமெரிக்காவைச் சேர்ந்த அமிரா விர்ஜில் என்ற விளையாட்டுப் படைப்பாளர் 'மெலனின் பேக்' என்ற கூடுதல் தொகுப்பைத் தாமே உருவாக்கி வெளியிட்டார். அது கறுப்பின ரசிகர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது.

இறுதியாக, 2020 டிசம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 100-க்கும் மேற்பட்ட புதிய தோல் நிறங்களையும், நிறத்தின் அடர்வைக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் இலவசமாக வழங்கியது. அதாவது, முதல் நாளிலேயே எழுந்த ஒரு குறைக்குத் தீர்வு கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. அதன்பின் மாற்றங்கள் தொடர்ந்தன. 2022 மே மாதம், கதாபாத்திரம் எவ்வாறு அழைக்கப்பட வேண்டும் என்பதை விளையாடுபவரே தீர்மானிக்கும் வசதி வந்தது. 2023 ஜனவரியில் காது கேட்கும் கருவி, சர்க்கரை அளவைக் கண்காணிக்கும் கருவி ஆகியவற்றை அணிந்த கதாபாத்திரங்களை உருவாக்க முடிந்தது. 2024 பிப்ரவரியில், மாடல் அழகி வின்னி ஹார்லோவுடன் இணைந்து, வெண்புள்ளி கொண்ட தோல் அமைப்பும் சேர்க்கப்பட்டது.

இந்த அனுபவத்தால்தான், புதிய விளையாட்டு எதுவாயினும் அதன் முதல் படத்தில் கருநிறத் தோல் எப்படி இருக்கிறது, சுருள்முடி எப்படி இருக்கிறது என்பதை ரசிகர்கள் உற்றுப் பார்க்கின்றனர். வெளியான பின் கேட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடும் என்பதே அவர்களின் அச்சம்.

எது மாறும், எது மாறாது?

ஆரம்பகட்டப் படங்களில் காணப்படும் எல்லாக் குறைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. கண்ணின் பளபளப்பு, தோலின் மீது விழும் ஒளி, தலைமுடியின் அமைப்பு போன்றவை பெரும்பாலும் மேற்பூச்சுப் பணிகள். இவற்றை வெளியீட்டுக்குச் சற்று முன்னரும், ஏன் வெளியான பின்னரும்கூடத் திருத்த முடியும்.

ஆனால், உடலின் எலும்புக்கூட்டு அமைப்பு அப்படிப்பட்டதன்று. கணினியில் ஒரு கதாபாத்திரத்தின் உடலுக்குள், அசைவுகளைத் தீர்மானிக்கும் ஒரு கூடு பொருத்தப்படுகிறது. அந்தக் கூட்டின் அளவுகளுக்கேற்பவே நூற்றுக்கணக்கான ஆடைகளும் ஆயிரக்கணக்கான அசைவுகளும் தயாரிக்கப்படுகின்றன. பின்னாளில் அந்த அளவுகளை மாற்றினால், அவை அனைத்தையும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

உயரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இருவர் கட்டித்தழுவும் காட்சியில் கைகள் சரியான இடத்தில் பொருந்த வேண்டும். இருவரும் ஒரே உயரமாயின் பணி எளிது. 'தி சிம்ஸ் 4' விளையாட்டில் பெரியவர்களின் உயரத்தை மாற்ற முடியாது. ரசிகர்கள் நீண்டகாலமாகக் கேட்டுவரும் இந்த வசதியை, 'பாராலைவ்ஸ்' தொடக்கத்திலேயே தனது சிறப்பம்சமாக அறிவித்தது.

வயதுப் பிரிவுகளும் அவ்வாறே. நான்காம் பாகம் வெளியானபோது மழலைப் பருவக் கதாபாத்திரங்கள் அதில் இல்லை. இது பெரும் அதிருப்தியை ஏற்படுத்தியது. அவர்கள் 2017 ஜனவரியில்தான் சேர்க்கப்பட்டனர். தவழும் கைக்குழந்தைகள் வருவதற்கு 2023 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே, "கண்கள் அழகாக இல்லை" என்ற விமர்சனத்தைவிட, "இதில் குழந்தைகளும் முதியவர்களும் இருப்பார்களா?" என்ற கேள்வியே ஆரம்பகட்டத்தில் அதிகப் பயன் தரக்கூடியது.

'புராஜெக்ட் ரெனே': படத்தில் தெரிந்த வணிகம்

சில வேளைகளில் ரசிகர்கள் முகத்தைப் பார்த்து நிறுவனத்தின் வணிகத் திட்டத்தைக் கணிக்க முற்படுகின்றனர். சிம்ஸ் வரிசையின் அடுத்த தலைமுறைப் படைப்பு என்ற அறிமுகத்துடன் 2022 அக்டோபரில் 'புராஜெக்ட் ரெனே' அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் வீட்டு அலங்கார வசதிகளே முதன்மையாகக் காட்டப்பட்டன. 2024-இன் பிற்பகுதியில், கைப்பேசியில் நடத்தப்பட்ட சோதனைப் பதிப்பின் படங்கள் கசிந்தன.

அந்தக் கதாபாத்திரங்களைக் கண்ட பலர், அவை இலவசக் கைப்பேசி விளையாட்டுகளில் காணப்படும் உருவங்களைப் போல இருப்பதாக ஏமாற்றம் தெரிவித்தனர். அந்த ஏமாற்றத்தின் பின்னணியில் வேறொரு கவலை இருந்தது. எளிமையான உருவம், சிறிய திரை, பலர் சேர்ந்து விளையாடும் முறை ஆகிய மூன்றும் இணைந்தால், ஒவ்வோர் ஆடைக்கும் தனித்தனியாகப் பணம் கேட்கும் விளையாட்டாக அது மாறிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். 'தி சிம்ஸ் 4' விளையாட்டின் அடிப்படைப் பதிப்பு 2022 அக்டோபர் முதல் இலவசம் என்றாலும், அதன் கூடுதல் தொகுப்புகள் அனைத்தையும் வாங்கப் பெருந்தொகை செலவாகும் என்பது இந்த அச்சத்துக்கு வலுச் சேர்க்கிறது.

'தி சிம்ஸ் 4' விளையாட்டுக்கு மாற்றாக ஐந்தாம் பாகம் ஒன்று வராது என்றும், நான்காம் பாகம் தொடர்ந்து மேம்படுத்தப்படும் என்றும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அதற்குச் சற்று முன்பே, 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருந்தது குறிப்பிடத்தக்கது. எனினும், ஐந்தாம் பாகத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள், கசிந்த படங்களை அந்த எதிர்பார்ப்பின் அளவுகோலாலேயே அளந்தனர்.

நின்றுபோன விளையாட்டும், காத்திருக்கும் ரசிகர்களும்

எதிர்பார்ப்புகள் எப்போதும் நிறைவேறுவதில்லை. சிம்ஸ் வரிசையில் முன்னர் பணியாற்றிய ராட் ஹம்பிள் தலைமையில், பாரடாக்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் அறிவித்த 'லைஃப் பை யூ', விளையாடுபவருக்கு மிகுந்த சுதந்திரம் அளிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், அதன் கதாபாத்திரங்கள் விறைப்பாகவும் பழைய காலத்தவையாகவும் தெரிவதாக முதல் காணொளியிலிருந்தே விமர்சனம் எழுந்தது. வெளியீட்டுத் தேதி பலமுறை தள்ளிப்போனது. 2024 ஜூனில் அத்திட்டமே கைவிடப்பட்டது. அதனை உருவாக்கிவந்த கலிஃபோர்னியா கிளை நிறுவனமும் மூடப்பட்டது. அங்கு பணியாற்றியவர்கள் வேலையிழந்தனர். மனநிறைவு தரும் ஒரு பதிப்பை எட்டுவதற்கான பாதை மிக நீண்டதாக இருந்ததே காரணம் என்று நிறுவனம் தெரிவித்தது.

கேலி செய்தவர்களில் சிலர், பின்னர் அந்த விளையாட்டின் இழப்பை எண்ணி வருந்தினர். ஒரு படத்தின் பின்னால் ஊழியர்களின் பல்லாண்டு உழைப்பும் வாழ்வாதாரமும் உள்ளன என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

கனடாவைச் சேர்ந்த அலெக்ஸ் மாஸே 2019-இல் அறிவித்த 'பாராலைவ்ஸ்' வேறு வழியில் பயணித்தது. ரசிகர்கள் மாதந்தோறும் அளிக்கும் 'பேட்ரியான்' நிதியைக் கொண்டு உருவான இந்த விளையாட்டில், கையால் வரைந்தது போன்ற எளிய பாணி பின்பற்றப்படுகிறது. ஆரம்பகட்டப் படங்கள் அவ்வப்போது ஆதரவாளர்களிடம் காட்டப்பட்டு, அவர்களின் கருத்துகள் பெறப்பட்டன. கூடுதல் தொகுப்புகளுக்குக் கட்டணம் இருக்காது என்ற உறுதிமொழியும் அளிக்கப்பட்டுள்ளது. 2025 டிசம்பர் 8-ஆம் தேதிக்குத் திட்டமிடப்பட்டிருந்த இதன் 'ஏர்லி ஆக்சஸ்' வெளியீடு, பின்னர் 2026 மே 25-ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பணியின் ஒவ்வொரு கட்டத்தையும் தொடக்கம் முதலே கண்டுவந்ததால், தாமதத்தையும் அதன் ஆதரவாளர்கள் பலர் பொறுமையுடன் ஏற்றுக்கொண்டனர்.

இந்திய ரசிகர்களுக்கு என்ன தொடர்பு?

'இன்சோய்' விளையாட்டின் உரிமையாளரான கிராஃப்டான், 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' மூலம் இந்தியர்களுக்கு நன்கு அறிமுகமான நிறுவனம். ஆயினும், 'இன்சோய்' இயங்குவதற்குக் குறைந்தபட்சம் 12 ஜிபி ரேம், 'ஆர்டிஎக்ஸ் 2060' வகை கிராபிக்ஸ் கார்டு ஆகியவை தேவை. கைப்பேசியே முதன்மை விளையாட்டுக் கருவியாக உள்ள நாட்டில், இது பலருக்கு எட்டாத செலவு. நிஜத்தன்மை கூடக் கூட, அதனை இயக்கத் தேவையான கணினியின் விலையும் கூடுகிறது. அதனால், கைப்பேசிக்கான எளிய உருவங்களை மேலை நாட்டு ரசிகர்கள் குறையாகக் கருதினாலும், இந்திய ரசிகர் ஒருவருக்கு அவை இவ்வகை விளையாட்டுக்குள் நுழைவதற்கான வாய்ப்பாகவும் அமையலாம்.

தோற்றத்தைப் பொறுத்தவரை, மும்பையின் 'ஃபேஷன் ஸ்ட்ரீட்' கடைவீதியை முன்மாதிரியாகக் கொண்ட ஆடைத் தொகுப்பு ஒன்று 2021 அக்டோபரில் 'தி சிம்ஸ் 4' விளையாட்டில் வெளியானது. அது கட்டணத் தொகுப்பாகும். கருமை முதல் மாநிறம் வரை பல்வேறு நிறங்களில் மக்கள் வாழும் இந்தியாவில், தோல் நிறத் தெரிவுகள் குறித்த கேள்வி எவ்வகையிலும் அந்நியமானதன்று.

ரசிகர்கள் கவனிக்க வேண்டியவை

புதிய விளையாட்டு ஒன்றின் முதல் படத்தைக் காண்பவர்கள், அது விளையாட்டினுள் எடுக்கப்பட்டதா அல்லது விளம்பரத்துக்காகத் தனியே வரையப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கசிந்த படமாக இருந்தால், அது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்பது பெரும்பாலும் தெரியாது. ஒரே ஓர் இளம்வயது முகத்தைக் கொண்டு முடிவெடுக்காமல், பல வயது, பல நிறம், பல உடலமைப்பு கொண்ட கதாபாத்திரங்கள் காட்டப்படுகின்றனவா என்பதைக் கவனிப்பது நல்லது.

'ஏர்லி ஆக்சஸ்' நிலையில் வாங்குபவர்கள், வாக்குறுதிகளுக்காக அன்றி, அன்றைய தினம் விளையாட்டில் இருப்பவற்றுக்காக மட்டும் பணம் செலுத்துவது பாதுகாப்பானது. 'ஸ்டீம்' தளத்தில் பொதுவாக, வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம்.

விமர்சனத்தைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட குறையை, காரணத்துடன் சுட்டிக்காட்டிய கோரிக்கைகளே இதுவரை பலன் தந்துள்ளன. தோல் நிறத்தில் நிகழ்ந்த மாற்றம் அதற்குச் சான்று. "அசிங்கமாக இருக்கிறது" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஓர் ஓவியரால் எதையும் திருத்த முடியாது; "கருநிறத் தோல் வெளிச்சத்தில் சாம்பலாகத் தெரிகிறது" என்றால், எங்கே தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.